லைனைத் தின்பது எது

அன்று காலை முதலில் அரசாங்கத்தின் இணையதளத்தைத் திட்டினேன். அப்புறம் நெட் லைன் கொடுத்த கம்பெனிக்காரனைத் திட்டினேன். அப்புறம் மழையை. கடைசியில் கம்ப்யூட்டரின் தலையில் ஓங்கி ஒரு தட்டும் தட்டினேன். இவர்களில் ஒருவர்மேலும் குற்றமில்லை என்று தெரிவதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற நெட் சென்டரை நடத்துகிறவள் நான். பெயர் ரேணுகாதேவி, பிறந்த ஊர் கண்ணமங்கலம், படிப்பு பி.சி.ஏ. ஆனால் போர்டில் இருக்கிற பெயர் விஜயராஜ். அவர் என் வீட்டுக்காரர். திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருக்கிறார். வாரக் கடைசியில்தான் மலை ஏறி வருவார். கடையின் லைனும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மோடத்தை அவரால் தன் போனிலிருந்தே நிறுத்த முடியும். ஒருமுறை எங்களுக்குள் வாய்ச்சண்டை வந்தபோது அங்கிருந்தபடியே நிறுத்திக் காட்டினார். நான் படித்தவள் என்று யாராவது சொன்னால் போதும், "அவ ஜெராக்ஸ் எடுக்குறா" என்று உடனே திருத்துவார்.

அன்று நான் கடை திறக்க வந்தபோதே படியில் அமுதவல்லியும் அவள் அம்மா குப்பம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத ஊர் அவர்களுடையது. விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்து வந்திருந்தார்கள். அமுதவல்லி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியவள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டதும் என் கடையில்தான். சான்றிதழ்களை ஏற்றுவதற்கு அன்று மாலையோடு கடைசி. போன வருஷம் சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் தேதி முடிந்துபோய், பாவம், ஒரு வருஷம் சாமைக் கொல்லையில் களை பறித்தாள். இந்த வருஷம் அது முந்தின நாள்தான் கிடைத்தது. இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் தை மாதத்தில் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று அவள் அப்பா பேசி முடித்துவிட்டார். இதைக் குப்பம்மாதான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டோவைப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்து வரச் சொன்னேன். என் கம்ப்யூட்டர் மேல் உட்கார்ந்திருக்கிற கேமரா ஒரு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. எப்போது படம் எடுக்கப் போனாலும் 'வேறொரு புரோகிராம் பயன்படுத்துகிறது' என்று முகத்திலடித்த மாதிரி சொல்லும். எந்தப் புரோகிராம் என்று மட்டும் சொல்லாது. எனக்கும் உட்கார்ந்து தேட நேரமில்லை.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாகச் சேர்த்து, ஏற்றுவதற்கான பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு கால்வாசி ஓடி நின்றது. காத்திருந்தோம். 'நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று வந்தது. மீண்டும் முயன்றேன். இந்தத் தடவை அந்தக் கால்வாசிகூட ஓடவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

மொபைலில் முயலலாம் என்றால், மழை நாளில் இங்கே மொபைலில் பேச மட்டும்தான் முடியும், நெட் நகராது. ஊரில் இருக்கிற இன்னொரு நெட் சென்டர்காரர் கோபால்சாமி, ஒடுகத்தூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்று பூட்டிக்கொண்டு போயிருந்தார். பஸ் பிடித்துத் திருப்பத்தூர் போகலாம். ஆனால் வளைவு வளைவாக இறங்கி, அங்கே ஒரு கடை தேடி உட்காருவதற்குள் மாலை ஆகிவிடும். இதையெல்லாம் குப்பம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "நீயே பாரும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மொத்தப் பாரமும் என் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டேன். எடுத்த பையனைப் பேசவே விடாமல், என்ன லைன் இது, எருமை மாடுகூட இதைவிட வேகமாக ஏறும் என்று பொரிந்து தள்ளினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னான். பிறகு, "உங்க கடையிலேந்துதான் மேடம் ஓயாம ஏதோ மேல ஏறினே இருக்குது. அவ்ளோ இன்னா அனுப்புறீங்க?" என்றான். நான் ஒன்றும் அனுப்பவில்லை என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. எங்கள் மலை லைனில் இறங்குகிற பக்கம் ரோடு அகலம்; ஏறுகிற பக்கம் ஒற்றையடிப் பாதை. அதில் எதுவோ குறுக்கே நின்றுகொண்டு வழியை அடைக்கிறது. அது வெளியே எங்கேயும் இல்லை. என் மேஜை மேலேயே இருக்கிறது.

கல்லூரியில் படித்ததில் அரைவாசியை மறந்துவிட்டேன். ஆனால் இது மறக்கவில்லை. எந்தப் புரோகிராம் வெளியே யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேட்கலாம். கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அடித்தால், திறந்திருக்கிற தொடர்புகள் எல்லாம் வரிவரியாக வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். அது தொடர்பைத் திறந்த புரோகிராமின் எண். அதை வைத்து டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கேட்பதற்கு எளிது. பார்த்தால் இரண்டு பக்கம் வரிகள் வந்தன. யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஊரே கை தூக்கியது.

ஒவ்வொருவராகப் பிடித்தேன். தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிற புரோகிராம் ஒன்று, நிறுத்தினேன். வைரஸ் காவல் ஒன்று, நிறுத்தினேன். பழைய படங்களை எங்கேயோ கொண்டுபோய்ச் சேமிக்கிற ஒன்று. அதுதான் திருடன் என்று சந்தோஷமாக நிறுத்தினேன். மறுபடி ஏற்றிப் பார்த்தேன். பச்சைக் கோடு அதே இடத்தில் நின்றது. அமுதவல்லி ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். நின்றதும் மெல்ல விடுவாள். அந்த மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் ஏறியது. அவள்மேல் இல்லை. பி.சி.ஏ. படித்துவிட்டு ஒரு புரோகிராமைப் பிடிக்க முடியாத என்மேல்.

கடைசியில் வரிகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பெயரைப் பார்த்தால் பிரிண்டர் உதவி என்று இருந்தது. இரண்டு தடவை அதைப் பார்த்துவிட்டு, நம் பிரிண்டர்தானே என்று தாண்டிப் போயிருந்தேன். மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பிரிண்டருக்கு வெளியூரில் யாரோடு என்ன பேச்சு? அது எவ்வளவு அனுப்புகிறது என்று பார்த்தேன். லைனில் ஏறுவதெல்லாம் அது ஒன்றுதான். சோற்றுப் பானையில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். உடனே ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீட்டுக்காரர். இன்னா பண்ற, சாப்டியா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து வேலை நேரத்தில் அவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கூட்டம் இருக்குதுங்க, அப்புறம் பேசுறேன் என்று வைத்தேன். திரும்பிப் பார்த்தால் கோடு பாதியில் நின்றிருந்தது. கறுப்புத் திரையில் பிரிண்டர் உதவி வேறு எண்ணோடு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

மறுபடி நிறுத்தினேன். மறுபடி கோடு ஓடியது. மறுபடி போன் அடித்தது. அங்க கரண்ட் போச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். கம்ப்யூட்டர் ஓடுதா என்று கேட்டார். ஓடுது, இப்போது தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். அதற்குள் அது மறுபடி முளைத்துவிட்டது. வெட்ட வெட்ட முளைக்கிற உன்னிச்செடி மாதிரி.

இதை வேரோடு பிடுங்காமல் முடியாது என்று அதன் கோப்பையே அழிக்கப் போனேன். 'வேறொரு புரோகிராம் இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது' என்று மறுத்தது. யார் திறந்து வைத்திருப்பது என்று தேடினேன். பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதற்கு வேலையே இதைக் கவனிப்பதுதான். முதலாவது விழுந்தால் எழுப்பிவிடும். என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுக்கிற புளியந்தோப்புகளில் காய் பழுக்கிற காலத்தில் இரண்டு பேரைக் காவலுக்குப் போடுவார். ஒருவன் கண் அசந்தால் மற்றவன் எழுப்ப வேண்டும். எவனோ அதே மாதிரி என் கம்ப்யூட்டருக்குள் காவல் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எவன் என்று அப்போதும் தெரியவில்லை.

முதலாவது எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் கேமராவும் இருந்தது. ஒரு மாதமாக என்னைப் படம் எடுக்கவிடாத திருடன் இவன்தான். ஆக, கேமராவிலிருந்து எடுப்பதைத்தான் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏதோ வைரஸ், எந்த நாட்டுக்காரனோ பார்க்கிறான் என்று பயந்தேன்.

எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. அமுதவல்லி அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக இல்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். குப்பம்மா அவள் முதுகைத் தடவி, போதும் வா, தலையில் எழுதியிருந்தால் அடுத்த வருஷம் கிடைக்கும் என்றாள். அடுத்த வருஷம் என்பது இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு காவல்காரர்களையும் ஒரே அடியில் நிறுத்துவதற்கான வரியை அடித்தேன். இரண்டும் போயின. மீண்டும் முளைக்கவில்லை. கோப்பை ஏற்றினேன். கோடு நகர்ந்தது.

போன் அடித்தது. எடுத்ததும் அவர் சொன்னார்:

"இன்னாடி நடக்குது அங்க? அந்தப் பச்ச சுடிதார் பொண்ணு எதுக்கு அழுவுது?"

நான் முதலில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தேன். அவர் வந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே மழையும் போளூர் பஸ்ஸும்தான் நின்றன. பின்னால் போனில் மண்டியின் சத்தம் கேட்டது, யாரோ மூட்டைக்கு எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தூரில்தான் இருந்தார். நான் அமுதவல்லியைப் பார்த்தேன். அவள் பச்சைச் சுடிதார் போட்டிருந்தாள்.

பிறகு கேமராவைப் பார்த்தேன். அதன் முகத்தில் விளக்கு எரிகிற இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அவருடைய சிநேகிதன் சக்திவேல் வந்து, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, சரி செய்து தருகிறேன் என்று அரை நாள் உட்கார்ந்துவிட்டுப் போனான். அவனுக்கு நான் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்திருக்கிறேன். என் அம்மாவோடு போனில் அழுதிருக்கிறேன். நான் யாரிடம் சிரித்தேன், யாரைத் திட்டினேன் என்றெல்லாம் அவர் சனிக்கிழமை வந்து சொல்லும்போது, பக்கத்து டீக்கடை மங்கம்மாள்தான் கோள் மூட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் யாரோ தொட்ட மாதிரி கூசியது.

வாயைத் திறந்தால் கடை இடிந்துவிடும் போல இருந்தது. திறக்கப் போனேன். திரையைப் பார்த்தேன். கோடு கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் போயிருந்தது.

"கேமராவ ஏன் நிறுத்தின?" என்று கேட்டார். மறைக்கக்கூட இல்லை. "இப்ப ஆன் பண்றியா, இல்ல லைனயே நிறுத்தட்டுமா?"

அவர் நிறுத்துவார். விரலால் ஒரு தொடு தொட்டால் போதும். மோடம் அணைந்துவிடும், கோடு நின்றுவிடும், இந்தப் பெண் தை மாதம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டுவாள். கேமராவை மறுபடி போட்டாலும் லைனை அது தின்றுவிடும், அப்போதும் கோடு நிற்கும். எப்படிப் பார்த்தாலும் கத்தி அவர் கையில். எனக்கு இருந்தது வாய் ஒன்றுதான்.

குரலைக் குழைத்தேன். எனக்கே தெரியாத ஒரு குரல் எனக்குள்ளிருந்து வந்தது. நான் ஒன்றும் நிறுத்தவில்லை, கம்ப்யூட்டரே ஏதோ ஆகிவிட்டது, நீங்கள் சொல்லுங்கள், எதை அழுத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் சக்திவேலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஐயோ, போனை வைக்காதீர்கள், நீங்களே சொன்னால்தான் எனக்குப் புரியும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. வைக்கவில்லை.

பேச்சை வளர்த்தேன். மூட்டை போய்ச் சேர்ந்ததா, மழை அங்கேயும் உண்டா, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். கோடு பாதியைத் தாண்டியது. அமுதவல்லி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எல்லோரையும் கிழித்துக்கொண்டிருந்தவள் இப்போது இப்படிக் கொஞ்சுகிறாளே என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. முந்தாநாள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் எதிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானே, அவன் யார் என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார், மாணவர்களுக்கு வங்கிக் கணக்கு விஷயமாக வந்தார் என்றேன். அவனிடம் எதற்கு அத்தனை சிரிப்பு என்று கேட்டார். இனிமேல் சிரிக்கவில்லை என்றேன். என் நகம் உள்ளங்கையில் பதிந்தது.

எதற்காக எனக்குத் தெரியாமல் வைத்தீர்கள் என்று, கோபமில்லாத குரலில், கேட்டேன். நேரம் கடத்துவதற்காகத்தான் கேட்டேன். அவர் ஏதோ நியாயம் பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"மரத்த குத்தகைக்கு எடுத்தா காவல் வெக்காம வுட்டுருவனா? யார் வந்து உலுக்குவான்னு எனக்கு இன்னா தெரியும்? மரத்து மேல எனக்கு இன்னா கோவம், சொல்லு. அது மாதிரிதான்."

"மரத்துக்குத் தெரியுங்களா, காவல் வெச்சிருக்கறது?" என்றேன்.

"மரத்துக்கு எதுக்குடி தெரியணும்?" என்று சிரித்தார்.

கோடு முக்கால்வாசியில் நின்றது. நான் 'ஆமாங்க' என்றேன். 'சரிங்க' என்றேன். வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை. குப்பம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கோடு எதுவரை போக வேண்டும் என்று காலையிலேயே தெரிந்துகொண்டிருந்தாள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். கோடு ஓர் உலுக்கல் உலுக்கி மறுபடி நகர்ந்தது.

"சரி, ரெண்டாவது பட்டன அழுத்து" என்றார் அவர். அழுத்தினேன், வரவில்லை என்றேன். நான் எதையும் தொடவில்லை. "படிச்சேன் படிச்சேன்னு சொல்லிக்கற, ஒரு பட்டன அழுத்தத் தெரியல" என்றார். தெரியலைங்க என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் தெரியவில்லை என்று சொன்னதில்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில் கோடு கடைசி வரை போய், 'சான்றிதழ்கள் ஏற்கப்பட்டன' என்று திரையில் வந்துவிட்டது.

பிரிண்டரைத் தட்டினேன். உண்மையான பிரிண்டர். ஒப்புகைச் சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. அதை எடுத்து அமுதவல்லி கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை தன் பெயரைப் படித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரலைப் பிடித்து அந்தப் பெயர்மேல் வைத்தாள்.

"இன்னா சத்தம் அது?" என்றார் அவர்.

என் சொந்தக் குரல் திரும்பி வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

"அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுதுன்னு கேட்டீங்களே, சொல்றேன் கேட்டுக்கங்க. நீங்க பாத்துனு இருந்தீங்க. அதனாலதான் அழுதுச்சு. அது அழுவறதயும் பாத்தீங்க. பாத்துட்டு, அப்பவும் நிறுத்தாம பாத்துனேதான் இருந்தீங்க."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"கேமராவ நான்தான் நிறுத்தினேன். எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியும். இனிமே அது ஓடாது."

போனை வைத்தேன். எழுந்து, கேமராவின் வயரை மேலேயிருந்து கீழே வரை பிடுங்கி எடுத்தேன். மோடத்தின் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. ஒருவேளை வெட்கப்பட்டிருப்பாரோ என்று ஒரு நொடி நினைத்தேன், பைத்தியக்காரி. அடுத்த நொடி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மழை விட்டிருந்தது. கதவுக்கு வெளியே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பட்டா நகல் கேட்டு ஒருவர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒருத்தி, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று சும்மா எட்டிப் பார்க்கிறவர்கள். லைன் இருக்குதா என்று கேட்டார்கள். இந்த ஊரில் எல்லாக் கடையிலும் ஒரு பழக்கம் உண்டு. லைன் போய்விட்டால் ஒரு வெள்ளைத் தாளில் 'லைன் இல்லை' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மழை, காற்று, மரம் விழுந்தது என்று அவர்களே நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தாளை எடுத்தேன். 'லைன் இல்லை' என்று எழுதினேன். பேனாவை மூடப் போனேன். கை நின்றது. நான் வாய் பேசாமல் கதவைச் சாத்தினால், சனிக்கிழமை அவர் மலை ஏறி வந்து ஊருக்கு ஒரு கதை சொல்லுவார். மஞ்சள் சட்டை அந்தக் கதையில் நிச்சயம் வரும். அவருக்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கீழே எழுதினேன்: 'கடையில் நான் என்ன செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் விஜயராஜ் ஒரு மாதமாகத் திருப்பத்தூரிலிருந்து கேமராவில் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வந்த உங்களையும் பார்த்தார். இன்று கண்டுபிடித்து நிறுத்தினேன். அதற்காக அவர் லைனை நிறுத்திவிட்டார். என் பெயரில் லைன் வாங்கும் வரை கடை இல்லை.' கையெழுத்துப் போட்டேன். கதவில் ஒட்டினேன். பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அவர் ஏறி வருகிற அந்த வீட்டுக்குத்தான் இன்று ராத்திரியும் போக வேண்டும்.

குப்பம்மா வெளியே வந்து தாளைப் பார்த்தாள். இன்னா எழுதிக்கீதுன்னு படி என்று மகளிடம் சொன்னாள். அமுதவல்லி என்னைப் பார்த்தாள். படிக்கலாமா என்று கேட்கிற பார்வை. படி என்றேன்.

அவள் மெதுவாகத்தான் படித்தாள். பட்டா நகலுக்கு வந்தவர், தனக்குச் சரியாகக் கேட்கவில்லை, திருப்பிப் படி என்றார். படித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலு பேர் கிட்டே வந்தார்கள். டீக்கடையிலிருந்து மங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் கேக்கல, எனக்கும் சொல்லு என்றாள். அமுதவல்லி ஒப்புகைச் சீட்டை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படியில் ஏறி நின்று, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி முதலிலிருந்து படித்தாள்.